ஒரு இசைக்குழுவின் சரித்திரம் - இந்தியன் ஓஷன்

ராக் இசை என்றாலே நீள முடி, இரைச்சல், புரியாத ஆங்கிலம்... இப்படித்தான் நானும் நினைத்திருந்தேன். மதுரைப் பக்கம் திருவிழா என்றால் நையாண்டி மேளமும் மெல்லிசைக் கச்சேரியும்தானே நமக்குத் தெரியும்! அந்த எண்ணத்தை மாற்றியது ஒரு ஆவணப்படம். பெயர் 'லீவிங் ஹோம்'. ஜெய்தீப் வர்மா இயக்கி, 2010 ஏப்ரலில் திரையரங்குகளுக்கு வந்தது. ஆவணப்படம் டிக்கெட் விற்று தியேட்டரில் ஓடுவது நம் நாட்டில் அபூர்வம். பிறகு தேசிய விருதும் கிடைத்தது.

படம் சொல்வது 'இந்தியன் ஓஷன்' என்ற தில்லி இசைக்குழுவின் கதை. கிடார் கலைஞர் சுஷ்மித் சென்னும், தபலா வாசித்தபடியே பாடும் அஷீம் சக்ரவர்த்தியும் 1990-இல் தொடங்கிய குழு இது. பிறகு பேஸ் கிடாருடன் ராகுல் ராம், டிரம்ஸுடன் அமித் கிலாம் வந்து சேர்ந்தார்கள். இதில் ராகுல் ராம் கொஞ்சம் வித்தியாசமானவர். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கிவிட்டு, நர்மதை அணை எதிர்ப்புப் போராட்டத்துக்குப் போனவர். நர்மதைக் கரை மக்களின் பாட்டுதான் பிறகு 'மா ரேவா' ஆனது.

முதல் தொகுப்பு 1993-இல் வந்தது. ஆனால் நாடு முழுக்கப் பெயர் பரவியது 2000-இல் 'கந்தீசா' வந்த பிறகுதான். அதன் தலைப்புப் பாடல் என்ன தெரியுமா? கேரளத்து சிரியன் கிறிஸ்தவர்கள் பாடும் பழைய அரமேயிக் துதிப்பாடல்! சினிமாவை நம்பாமல், கரோல் பாக்கில் ஒரு பழைய வீட்டில் பயிற்சி செய்தே இவ்வளவு தூரம் வந்தார்கள்.

படம் தியேட்டருக்கு வருவதற்குச் சில மாதங்கள் முன்பு, 2009 டிசம்பர் 25 அன்று அஷீம் மாரடைப்பின் பாதிப்பால் இறந்துபோனார். 2013-இல் சுஷ்மித் சென்னும் குழுவை விட்டு விலகினார். அந்த நால்வரும் ஒன்றாக உட்கார்ந்து சிரித்து, சண்டை போட்டு, வாசித்ததை இனி பார்க்க வேண்டுமென்றால் இந்தப் படம் போன்ற பதிவுகள்தான் கதி. கொஞ்சம் தாமதித்திருந்தால் அஷீமின் குரலில் அவர் கதை நமக்குக் கிடைத்தே இருக்காது.

படம் முடிந்ததும் எங்கள் பக்கத்துக் கிராமங்களின் மேளக்காரர்கள் நினைவுக்கு வந்தார்கள். நாற்பது வருஷமாக வாசிக்கும் பெரியவர்கள் இருக்கிறார்கள். திருவிழா முடிந்தால் அவர்களை யாரும் தேடுவதில்லை. வரலாறு என்பது ராஜாக்களும் கல்வெட்டும் மட்டுமா நண்பர்களே? நம் எல்லார் கையிலும் கேமரா இருக்கிறது. அடுத்த திருவிழாவில் ஆட்டத்தை மட்டும் பிடிக்காமல், அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து கதையையும் கேட்டுப் பதிவு செய்வோமே!