ஊதினால், அழுதால் கை தளர்கிறதா? மோயாமோயா நோயும் மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் ஆபரேஷனும்

சித்திரைத் திருவிழாவில் வாங்கிய ஊதலை ஊதும்போதோ, தேம்பித் தேம்பி அழும்போதோ குழந்தையின் ஒரு கை மட்டும் திடீரெனத் தளர்ந்து, வாய் குழறுகிறதா? கொஞ்ச நேரத்தில் எல்லாம் சரியாகி விளையாடப் போய்விட்டாலும் சும்மா விடக்கூடாது. 'காத்து கருப்பு' என்று கயிறு கட்டுவோரும் உண்டு, வலிப்பு என்று நினைப்போரும் உண்டு. அது மோயாமோயா நோயாகவும் இருக்கலாம்.

பெயர்க் காரணம்

கழுத்து வழியாக மூளைக்குப் போகும் கரோட்டிட் தமனிகள், மண்டைக்குள் கிளை பிரியும் இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கி அடைபடும். அதை ஈடுகட்ட, மூளையின் அடியில் நூல் நூலாக ரத்தக்குழாய்கள் உருவாகும். ஆஞ்சியோகிராமில் இவை சிகரெட் புகை மாதிரி தெரியும். புகை போல மங்கலாகத் தெரிவதைத்தான் ஜப்பானியர்கள் 'மோயாமோயா' என்கிறார்கள். 1969-ல் சுசுகி, டகாகு என்ற ஜப்பான் மருத்துவர்கள் வைத்த பெயர் இது. நம் ஊரில் அரிதுதான், ஆனால் இல்லாமல் இல்லை.

ஊதினால் என்ன ஆகிறது?

வேகமாக மூச்சு விட்டால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறையும். உடனே மூளையின் ரத்தக்குழாய்கள் சுருங்கும். ஏற்கெனவே ரத்தம் பத்தாத பகுதி அப்போது வேலை செய்யாது. பெரியவர்களுக்கு வேறு ஆபத்தும் உண்டு: அந்த மெல்லிய குழாய்கள் வெடித்து மூளையில் ரத்தக்கசிவு வரலாம்.

ஆபரேஷன் எப்படி?

சுருங்கிய தமனியை மாத்திரையால் திறக்க முடியாது. ஆஸ்பிரின் ரத்தக்கட்டி உருவாவதைக் குறைக்கும், அவ்வளவுதான். அதையும் டாக்டர் சொல்லாமல் நாமே வாங்கிப் போடக்கூடாது.

அதனால் மாற்றுப்பாதை போடுகிறார்கள். காதுக்கு முன்னால், நெற்றிப்பொட்டில் விரல் வைத்தால் துடிக்குமே, அந்தத் தமனிதான் கைகொடுக்கிறது. மண்டையோட்டில் திறப்பு போட்டு, அதை மூளையின் மேற்பரப்பில் உள்ள தமனியோடு தைக்கிறார்கள். குழாயின் அகலமே சுமார் 1 மி.மீ.தான். மைக்ரோஸ்கோப் வைத்து, தலைமுடியை விட மெல்லிய நூலால் தைக்க வேண்டும். 1967-ல் சூரிச்சில் டாக்டர் யாசர்கில் முதலில் செய்த இந்த பைபாஸில் ரத்தம் உடனே பாயும்.

சின்னக் குழந்தைகளுக்குக் குழாய் இன்னும் பொடிசு. தைப்பது கஷ்டம் என்பதால், பெரும்பாலும் அந்தத் தமனியை மூளை மேல் படியும்படி வைத்துவிடுவார்கள். அதிலிருந்து புதுக் குழாய்கள் கிளைத்து மூளைக்குள் போக மாதங்கள் ஆகும். அதுவரை ஆபத்து முழுசாக நீங்காது.

ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும்: பக்கவாதத்தில் ஏற்கெனவே செத்துப்போன மூளைப் பகுதியை ஆபரேஷன் உயிர்ப்பிக்காது, அடுத்த பாதிப்பைத்தான் தடுக்கும். சீக்கிரம் கண்டுபிடிக்கச் சொல்வது அதனால்தான்.

மதுரையில் என்ன செய்யலாம்?

மதுரைக்காரர்கள் பெரியாஸ்பத்திரி என்று சொல்லும் அரசு ராஜாஜி மருத்துவமனையில் நரம்பியல், நரம்பு அறுவை சிகிச்சைத் துறைகள் இருக்கின்றன. கை தளரும்போது முடிந்தால் செல்போனில் வீடியோ எடுத்து டாக்டரிடம் காட்டுங்கள். சாதாரண சி.டி. ஸ்கேனில் ஒன்றும் தெரியாமல் போகலாம், எம்.ஆர்.ஐ.யோடு ரத்தக்குழாய் ஸ்கேனும் தேவைப்படும். தளர்ச்சி நீங்கவில்லை என்றால் உடனே 108.

ஆபரேஷனுக்குப் பிறகும் உடம்பில் நீர் வற்றக்கூடாது. மதுரை வெயிலில், அதுவும் காய்ச்சல், வயிற்றுப்போக்கு நாட்களில், தண்ணீர் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். தையல் போட்ட பக்கம் நெற்றிப்பொட்டை இறுக்கும் கண்ணாடி, ஹேர்பேண்ட் வேண்டாம்; புதுப்பாதைக்கான ரத்தம் அந்த வழியாகத்தான் போகிறது.