3 நாள் கெடு... ஆபத்தில் ஸ்காலர்ஷிப்: அப்துல் கலாமின் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டில் உண்மையில் நடந்தது என்ன?

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் ரிவ்யூ நெருங்கினால் போதும், மாணவர்களின் வாட்ஸ்அப் குரூப்களில் ஒரு மெசேஜ் சுற்ற ஆரம்பித்துவிடும். "அப்துல் கலாம் மூணே நாள்ல விமானத்தை டிசைன் பண்ணி முடிச்சார். உன்னால ஒரு ப்ராஜெக்ட் முடிக்க முடியாதா?"

கேட்க நல்லாத்தான் இருக்கிறது. ஆனால் கலாம் தன் சுயசரிதையான 'அக்னிச் சிறகுகள்' நூலில் சொல்லியிருக்கும் சம்பவம் இதிலிருந்து கொஞ்சம் வேறுபட்டது. அந்த மூன்று நாட்களில் அவர் முடித்தது என்ன? ஏன் அவ்வளவு குறுகிய கெடு? இன்று ராமநாதபுரம் கடற்கரையில் ப்ராஜெக்ட் செய்யும் மாணவர்களுக்கு இதில் என்ன பாடம்? பார்க்கலாம்.

ராமேஸ்வரம் டூ குரோம்பேட்டை

1931 அக்டோபர் 15-ல் ராமேஸ்வரத்தில் பிறந்த கலாம், ராமநாதபுரம் ஸ்வார்ட்ஸ் பள்ளியில் படித்தார். பிறகு திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் சேர்ந்து 1954-ல் பி.எஸ்சி. இயற்பியல் முடித்தார். அதன்பிறகுதான் தனக்குப் பிடித்தது இன்ஜினியரிங் என்று அவருக்குப் புரிந்தது. அப்போது அவர் கண்ணில்பட்டது சென்னை குரோம்பேட்டையில் இருக்கும் எம்.ஐ.டி., அதாவது மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி.

தொழிலதிபர் சி. ராஜம் 1949-ல் தொடங்கிய நிறுவனம் அது. பி.எஸ்சி. முடித்தவர்கள் மூன்று ஆண்டுகளில் இன்ஜினியரிங் படிக்கலாம். விமானப் பொறியியலுக்கு அன்று நாட்டில் இருந்த சில வாய்ப்புகளில் அதுவும் ஒன்று. இப்போது அது அண்ணா பல்கலைக்கழகத்தின் ஒரு வளாகம்.

சீட் கிடைத்துவிட்டது. சேர்வதற்குச் சுமார் ஆயிரம் ரூபாய் தேவை. அந்தக் காலத்தில், வருமானம் குறைந்த ஒரு ராமேஸ்வரம் குடும்பத்துக்கு அது பெரிய தொகை. அக்கா ஜோஹரா தன் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துப் பணம் கொடுத்தார். சம்பாதித்து அந்த நகையை மீட்டே தீர வேண்டும் என்று கலாம் முடிவு செய்தார். அதற்கு முதலில் படிப்பு நிற்காமல் ஓட வேண்டும். படிப்பு ஓட ஸ்காலர்ஷிப் வேண்டும்.

இந்தப் பின்னணி தெரிந்தால்தான், பின்னால் வரும் மிரட்டல் அவருக்கு எவ்வளவு வலித்திருக்கும் என்பது புரியும்.

ப்ராஜெக்ட் என்ன?

தாழ்வாகப் பறந்து தரை இலக்குகளைத் தாக்கும் போர் விமானம் ஒன்றை டிசைன் செய்வதுதான் ப்ராஜெக்ட். கலாமுடன் இன்னும் நான்கு மாணவர்கள், ஆக மொத்தம் ஐந்து பேர். வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். விமானத்தின் வெளி வடிவத்தை, அதாவது ஏரோடைனமிக் டிசைனை உருவாக்கி வரைந்து தருவது கலாமின் பொறுப்பு. இன்ஜின், உடல் கட்டமைப்பு, கட்டுப்பாட்டு அமைப்பு, கருவிகள் ஆகியவை மற்ற நால்வரின் பொறுப்பு.

டிசைன் பாடம் எடுத்தவர் அப்போதைய இயக்குநர் பேராசிரியர் சீனிவாசன். ஒரு நாள் அவர் கலாமின் வேலையைப் பார்த்தார். முன்னேற்றம் சுத்தமாகத் திருப்தி இல்லை என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். தாமதத்துக்குக் கலாம் வரிசையாகக் காரணம் சொன்னார். எதுவும் எடுபடவில்லை. ஒரு மாதம் டைம் கேட்டார்.

அன்று வெள்ளிக்கிழமை மதியம். திங்கள் காலைக்குள் கான்ஃபிகரேஷன் டிராயிங் தன் கைக்கு வர வேண்டும், இல்லையென்றால் ஸ்காலர்ஷிப் நின்றுவிடும் என்று பேராசிரியர் சொல்லிவிட்டார்.

அது என்ன கான்ஃபிகரேஷன் டிராயிங்?

வாட்ஸ்அப் மெசேஜ் தவறவிடும் விஷயம் இதுதான். பேராசிரியர் கேட்டது விமானத்தை அல்ல. முழு ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டையும் அல்ல. ஒரே ஒரு வரைபடத்தை.

கான்ஃபிகரேஷன் டிராயிங் என்பது விமானத்தின் மொத்த அமைப்பையும் காட்டும் அடிப்படைப் படம். இறக்கை உடலில் எங்கே அமர்கிறது, அதன் நீளம் எவ்வளவு, வால் எவ்வளவு பெரிது, இன்ஜின் எங்கே, சக்கரங்கள் எங்கே என்பதெல்லாம் இதில் தெரியும். பொதுவாக மேலிருந்து, பக்கவாட்டில், முன்னாலிருந்து என மூன்று பார்வைகளில் வரைவார்கள். கம்ப்யூட்டர் இல்லாத காலம். டிராயிங் போர்டு, டி-ஸ்கொயர், பென்சில் இவ்வளவுதான். ஒரு அளவு மாறினால் ரப்பரை எடுத்து அழித்து, மறுபடி கணக்குப் போட்டு, மறுபடி வரைய வேண்டும்.

இந்தப் படம் இல்லாவிட்டால் என்ன ஆகும்? இறக்கையின் அளவு தெரியாமல் கட்டமைப்பைக் கவனிப்பவர் அதன் உள் எலும்புக்கூட்டைக் கணக்கிட முடியாது. காற்று எவ்வளவு பின்னிழுக்கும் என்று தெரியாமல் இன்ஜினைக் கவனிப்பவர் எவ்வளவு உந்துசக்தி தேவை என்று சொல்ல முடியாது. வாலின் அளவு தெரியாமல் கட்டுப்பாட்டு அமைப்பு நகராது.

தாழ்வாகப் பறக்கும் விமானத்தில் சிக்கல் இன்னும் அதிகம். தரைக்கு அருகில் காற்று அடர்த்தி கூடுதல், குலுக்கலும் கூடுதல். அதைத் தாங்க உடல் உறுதியாக இருக்க வேண்டும். உறுதி கூடினால் எடை கூடும். எடை கூடினால் பெரிய இன்ஜின் வேண்டும். பெரிய இன்ஜின் வந்தால் வடிவமே மாறும். ஒன்றைத் தொட்டால் எல்லாம் ஆடும்.

ஐந்து பேர் கொண்ட டீமில் மற்ற நால்வரின் வேலையும் காத்து நிற்கும் இடம் கலாமின் மேசைதான். பேராசிரியர் கெடு வைத்ததும் அந்த ஒரு தாளுக்குத்தான்.

அந்த மூன்று நாள்

அன்று இரவு கலாம் சாப்பாட்டைத் தவிர்த்துவிட்டு டிராயிங் போர்டு முன்னால் உட்கார்ந்தார். மறுநாள் காலை முகம் கழுவிக் கொஞ்சம் சாப்பிட ஒரு மணி நேரம் மட்டும் எடுத்துக்கொண்டார். மறுபடி வேலை. ஞாயிறு காலை படம் ஏறக்குறைய முடிந்துவிட்டது. அப்போது அறையில் வேறு யாரோ இருப்பதுபோல் தோன்றியது.

திரும்பிப் பார்த்தால் பேராசிரியர் சீனிவாசன். ஜிம்கானா கிளப்பிலிருந்து டென்னிஸ் உடையிலேயே நேராக வந்து, சற்றுத் தள்ளி நின்று கவனித்துக்கொண்டிருந்தார். வரைந்ததைப் பார்த்தவர் கலாமைக் கட்டிப்பிடித்து முதுகில் தட்டிக்கொடுத்தார். முடிக்கவே முடியாத கெடு என்று தெரிந்துதான் கொடுத்ததாகவும், இவ்வளவு நன்றாகச் செய்வார் என்று எதிர்பார்க்கவில்லை என்றும் சொன்னார்.

கதையைச் சொல்பவர்கள் பலரும் மிரட்டலோடு நிறுத்திக்கொள்கிறார்கள். கெடு வைத்தவர் திங்கட்கிழமை வரை காத்திருக்கவில்லை, விடுமுறை நாளில் தானே தேடி வந்து பார்த்தார் என்பது பாதிக்கதை. மாணவர்களை விரட்டும் கைடுகளுக்கும் இதில் ஒரு செய்தி உண்டு.

இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அந்த இரண்டு இரவுகளில் கலாம் எதையும் புதிதாகக் கற்றுக்கொள்ளவில்லை. பேராசிரியர்கள் ஸ்பாண்டர், பண்டலை, நரசிங்க ராவ் ஆகியோரிடம் ஏரோடைனமிக்ஸ், கட்டமைப்பு, கணிதம் எல்லாம் ஏற்கெனவே படித்திருந்தார். கையில் இருந்த அறிவைத் தாளில் இறக்க மூன்று நாள் போதுமாக இருந்தது. அடிப்படையே தெரியாதவருக்கு மூன்று மாதமும் போதாது. தூக்கத்தைக் கெடுத்துக்கொள்வதே வெற்றி ரகசியம் என்று இதை எடுத்துக்கொள்ளவும் கூடாது.

தமிழில் எழுதிப் பரிசு

ப்ராஜெக்ட்டின் மீதிக் காலத்தில் கலாம் இன்னொரு வேலையும் செய்தார். எம்.ஐ.டி. தமிழ்ச் சங்கம் நடத்திய கட்டுரைப் போட்டியில், நம் விமானத்தை நாமே தயாரிக்க வேண்டும் என்ற கருத்தில் தமிழில் எழுதினார். முதல் பரிசு கிடைத்தது. பரிசை வழங்கியவர் ஆனந்த விகடன் ஆசிரியர் தேவன்.

தன் ப்ராஜெக்ட்டைத் தாய்மொழியில், சாதாரண ஆளுக்குப் புரியும்படி சொல்ல முடிந்தவருக்கு வைவா பயம் பாதி குறைந்துவிடும். இன்றும் இது பொருந்தும்.

அதன்பிறகு?

பெங்களூரு எச்.ஏ.எல். நிறுவனத்தில் பயிற்சி பெற்றார். விமானப்படைத் தேர்வில் 25 பேரில் ஒன்பதாவது இடம், ஆனால் எடுத்தது எட்டு பேரை மட்டும். 1958-ல் பாதுகாப்புத் துறையின் விமானத் தொழில்நுட்பப் பிரிவில் வேலை கிடைத்தது, மாத அடிப்படைச் சம்பளம் 250 ரூபாய். பிறகு பெங்களூருவில் ஒரு சிறிய டீமை வைத்துக்கொண்டு 'நந்தி' என்ற ஹோவர்கிராஃப்டை உருவாக்கினார்.

எஸ்.எல்.வி.-3 ராக்கெட்டின் திட்ட இயக்குநராக இருந்தபோது, 1979 ஆகஸ்ட் 10-ல் முதல் முயற்சி தோற்றது. 1980 ஜூலை 18-ல் அதே ராக்கெட் ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் நிறுத்தியது. ஒருவர் தாமதித்தால் மற்ற எல்லோரும் காத்திருக்க வேண்டும் என்ற ஐந்து பேர் டீமின் பிரச்சினைதான் அங்கே பல நூறு பேர் அளவில் இருந்தது.

இன்று ராமநாதபுரம் மாணவர்களுக்கு...

பி.இ. படிப்பவர்களுக்கு 8-வது செமஸ்டர், பி.எஸ்சி. படிப்பவர்களுக்குப் பெரும்பாலும் 6-வது செமஸ்டர். மூன்று நான்கு பேர் கொண்ட பேட்ச், ஒரு கைடு, இடையிடையே ரிவ்யூ, கடைசியில் ரிப்போர்ட், வைவா. ப்ராஜெக்ட்டில் கோட்டை விட்டால் பட்டமே தள்ளிப்போகும். கல்விக் கடனோடு வேலைக்குக் காத்திருக்கும் வீட்டில் அது சின்ன விஷயம் இல்லை.

கவனிக்க வேண்டியவை இவை:

1. உங்கள் 'கான்ஃபிகரேஷன் டிராயிங்' எது?
எந்தத் தாள் இல்லாவிட்டால் பேட்ச்சில் மற்றவர்கள் வேலையே தொடங்க முடியாதோ, அதை முதலில் முடியுங்கள். எலெக்ட்ரானிக்ஸ் என்றால் பிளாக் டயகிராம். சாஃப்ட்வேர் என்றால் டேட்டா எப்படிச் சேமிக்கப்படும் என்ற அமைப்பு. சிவில் என்றால் இடத்தின் அளவும் மண் பரிசோதனையும். பி.எஸ்சி. என்றால் எங்கே, எத்தனை மாதிரி எடுப்போம், எப்படிச் சோதிப்போம் என்ற திட்டம்.

2. கடல் சார்ந்த ப்ராஜெக்ட்டா? அனுமதி முக்கியம்
ராமேஸ்வரம் முதல் தூத்துக்குடி வரை உள்ள 21 தீவுகளும் மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்காவைச் சேர்ந்தவை. வனத்துறை அனுமதி இல்லாமல் அங்கே போய் மாதிரி எடுக்கக் கூடாது. பவளப்பாறை, கடல் அட்டை, கடல் குதிரை ஆகியவை வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. 'காலேஜ் ப்ராஜெக்ட்டுக்குத்தான் எடுத்தேன்' என்று சொன்னாலும் வழக்கிலிருந்து தப்ப முடியாது. தலைப்பை முடிவு செய்வதற்கு முன்பே, மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டல மையம் போன்ற இடங்களில் கைடு மூலம் விசாரித்துவிடுவது நல்லது.

3. காலண்டரைப் பாருங்கள்
கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகு மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகில் வரும் மீன்களை வைத்து ஆய்வு என்றால், ஏப்ரல் கடைசியில் ஜெட்டிக்குப் போனால் படகுகள் கட்டித்தான் கிடக்கும். மார்ச்சுக்குள் டேட்டா எடுத்துவிட வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. கருவாடு உலர்த்தும் சோலார் டிரையர் போன்றவற்றைச் சோதிக்க அது ஏற்ற நேரமில்லை.

4. பக்கத்திலேயே இருக்கிறது தலைப்பு
உப்புக் காற்றில் இரும்பு துருப்பிடிப்பது, கிணற்றில் உப்பு ஏறுவது, கருவாடு உலர்த்துவது, கடற்பாசி வளர்ப்பு. உங்கள் ஊர்க்காரர்கள் தினமும் படும் பிரச்சினை என்றால் அளவெடுக்க இடம் தேடி அலைய வேண்டாம்.

5. ரெடிமேட் ப்ராஜெக்ட் வேண்டாம்
பணம் கொடுத்து வாங்கிய ப்ராஜெக்ட்டில் 'இந்த அளவை ஏன் எடுத்தீங்க?' என்ற ஒரு கேள்வி போதும், வைவாவில் மாட்டிக்கொள்ள. செலவுதான் பிரச்சினை என்றால், தமிழ்நாடு அறிவியல் தொழில்நுட்ப மாநில மன்றத்தின் மாணவர் ப்ராஜெக்ட் நிதியுதவி, 'நான் முதல்வன்' திட்டத்தின் 'நிரல் திருவிழா' ஆகியவை பற்றித் துறைத்தலைவரிடம் முன்கூட்டியே கேளுங்கள். கடைசி மாதத்தில் கேட்டால் பயனில்லை.

6. லேட் ஆகிவிட்டதா?
மொத்தமாக 'ஒரு மாதம் டைம் குடுங்க சார்' என்று கேட்காதீர்கள். கலாம் கேட்டே கிடைக்கவில்லை. திங்கட்கிழமைக்குள் எந்த ஒரு பகுதியை முடித்துக் காட்ட முடியும் என்று சொல்லுங்கள். பேட்ச் நண்பர்களிடமும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். உங்கள் தாளுக்காகக் காத்திருப்பது அவர்கள்தான்.