பனிக்கட்டியும் கதவும்

உறைந்த மீன் ஏன் கல் மாதிரி இருக்கிறது என்று கேட்ட பேரனுக்குத் தாத்தா வாயால் பதில் சொல்லவில்லை. அரகடக்கா ஊரின் வாழைக் கம்பெனிக் கடையில் ஒரு பெட்டியைத் திறக்கச் சொல்லி, அவன் கையைப் பனிக்கட்டிமேல் வைத்தார். அந்தப் பையன் கார்சியா மார்க்வெஸ். 1967இல் வந்த ‘தனிமையின் நூறு ஆண்டுகள்’ நாவலுக்கு அந்தத் தொடுகையே வாசல். நாவலில் அப்பா அதை உலகத்திலேயே பெரிய வைரம் என்கிறார். தொட்ட சிறுவனோ வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டு, கொதிக்கிறது என்கிறான்.

கி. ராஜநாராயணனின் ‘கதவு’ கதையிலும் பிள்ளைகளின் கை ஒரு பொருளின்மேல்தான் இருக்கிறது. ஏழை வீட்டுக் கதவு. சிலர் தொற்றிக்கொள்ள, சிலர் தள்ள, அது திருநெல்வேலிக்குப் போகும் பஸ் ஆகிவிடுகிறது. தீர்வை பாக்கிக்காக அதைக் கழற்றிக்கொண்டு போகிறார்கள். பிறகு ஒருநாள் கரையான் ஏறிக் கிடக்கும் அதே கதவைக் கண்டு பிள்ளைகள் கட்டிக்கொள்கிறார்கள்.

அங்கே கண்டறியாத பொருள். இங்கே கண்டு கண்டு பழகிய பொருள். ஆனாலும் இருவரும் செய்த காரியம் ஒன்றே: குழந்தை வைத்த தப்பான பெயரைத் திருத்தாமல் விட்டார்கள். பனிக்கட்டி கொதித்தது, கதவு ஓடியது. வழக்கமான யதார்த்த எழுத்தாளராக இருந்தால், சிறுவனுக்கு அப்படித் தோன்றியது என்று ஒரு சொல்லைச் சேர்த்துக் கதையைக் கெடுத்திருப்பார்.

இந்தத் துணிச்சலை இருவருக்கும் தந்தது காதில் விழுந்த கதை. மார்க்வெஸின் பாட்டி திரான்கிலினா, செத்தவர்கள் வந்து போவதை அடுத்த வீட்டுக்காரர் வந்து போனதைப் போலச் சொல்வார். போகோத்தாவில் மாணவனாகக் காஃப்காவைப் படித்தபோது, பாட்டியும் இப்படித்தானே பேசினாள் என்று அவர் திடுக்கிட்டார். கரிசல் காட்டிலோ 1976இல் வந்த கி.ரா.வின் ‘கோபல்ல கிராம’த்தில், நூறு வயதை எப்போதோ கடந்த மங்கத்தாயாரு அம்மாள் தன் சனங்கள் தெலுங்கு தேசத்திலிருந்து தப்பி வந்த கதையைச் சொல்கிறாள். அந்தக் கதையில் ஆற்றங்கரை மரமே வளைந்து கொடுத்து அவர்களை அக்கரை சேர்க்கிறது. மார்க்வெஸின் நாவலில் வரும் மகோந்தோ என்ற ஊரிலும் நூறைத் தாண்டிய உர்சுலா இருக்கிறாள். அவளும் அவள் சனங்களும் ஊரை விட்டுக் கிளம்பி, காட்டைக் கடந்து ஊர் அமைத்தவர்கள். ஒருவரை ஒருவர் பார்த்து எழுதியதுபோல் தோன்றும் இந்த ஒற்றுமை எனக்கு இன்னும் வியப்புதான். ஊர் பிறந்த கதையை எங்கும் கிழவிகள்தான் காத்துவைத்திருந்தார்கள் போலிருக்கிறது.

பிரிவது இதற்குப் பிறகு. மார்க்வெஸ் பாட்டியிடமிருந்து எடுத்துக்கொண்டது முகத்தை: எதைச் சொன்னாலும் அசையாத முகம். அதே நாவலில் ரெமேதியோஸ் என்ற அழகியை வானத்துக்கு அனுப்ப வழி தெரியாமல் திண்டாடிய அவர், காற்றில் படபடத்த துணிகளோடு மல்லுக்கட்டிய ஒரு பெண்ணைப் பார்த்த பிறகு, படுக்கை விரிப்புகளோடு அவளை ஏற்றி அனுப்பினார். விரிப்பைச் சரியாகச் சொல்லிவிட்டால் வானேறுவதை யாரும் மறுக்கமாட்டார்கள். அந்த நாவலில் உரையாடல் மிகக் குறைவு. முகம் இருக்கிறது, வாய் அதிகம் திறப்பதில்லை.

கி.ரா. எடுத்துக்கொண்டது வாயை. கதை நடுவழியில் நிற்கும், ஒரு சொலவடை குறுக்கே வரும், ஒரு பண்டத்தின் பக்குவம் வரும், பிறகு விட்ட இடத்துக்குத் திரும்பும். திண்ணையில் கேட்டவனுக்கு இது பழகிய ஒழுங்கு. வடிவம் தேடும் விமர்சகருக்கு மட்டுமே இது ஒழுங்கீனம். முகத்தை வேறு மொழிக்குக் கொண்டுபோவதைவிட வாயைக் கொண்டுபோவது கடினம். மார்க்வெஸ் உலகெங்கும் போனதற்கும் கி.ரா. பெரிதும் தமிழுக்குள்ளேயே நின்றதற்கும் இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

இன்னொரு பொருளும் இருவருக்கும் பொது: அகராதி. சர்க்கஸில் பார்த்த ஒட்டகத்துக்குத் தப்பான பெயர் சொல்லிவிட்ட மார்க்வெஸின் தாத்தா, வீடு திரும்பியதும் அகராதியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, அதைப் பேரனுக்கே கொடுத்தார். அவன் அதைக் கதைப் புத்தகம்போலப் படித்தான். அவனுக்கு நோபல் கிடைத்த 1982இல், கரிசல் சனங்களின் பேச்சைத் திரட்டிய வட்டார வழக்குச் சொல்லகராதியைக் கி.ரா. வெளியிட்டார். புரட்டிப் பார்க்க அவருக்கு அப்படி ஒன்று கிடைத்திருக்கவில்லை. தன் ஊர் இடைசெவலில் கேட்ட சொற்களை அவரே ஒவ்வொன்றாக எழுதி வைக்க வேண்டியிருந்தது.