சூரியனைத் தொடர்ந்து சென்ற கண்ணாடி

(கோடைக்கானல் வான்நோக்கு நிலையத்தின் வரலாற்றிலிருந்து சில பக்கங்கள்)

எல்லாப் புகழும் ஏக இறைவனுக்கே!

 

சென்ற ஆண்டு ஷஅபான் பிறை 29 அன்று மாலை, மஃரிப் தொழுகையை முடித்துக்கொண்டு நம்மில் பலர் பள்ளிவாசல் மாடியில் கூடியிருந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். மேற்கு வானில் மெல்லிய கீற்றாகப் பிறை தென்பட்டபோது, இளைஞர் ஒருவர் தம் கைபேசியை உயர்த்திப் பல மடங்கு பெரிதாக்கிப் படம் பிடிக்க முயன்றார். திரையில் பிறை வந்தது. வந்த வேகத்தில் விலகியது. பிடித்த படங்களிலும் கீற்றுக்குப் பதிலாக ஒரு வெண்புகையே எஞ்சியது. அருகில் நின்ற பெரியவர் ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "தம்பி, பிறை ஓடுது, உங்க கை ஆடுது. ரெண்டும் சேர்ந்தா படம் எப்படி வரும்?"

கல்லூரி வாசலை மிதிக்காத அப்பெரியவரின் ஒரு சொல்லில், அறிஞர்கள் பல நூற்றாண்டுகளாகப் போராடிய இரு தடைகளும் அடங்கிவிட்டன என்பதை நாம் பின்னரே உணர்ந்தோம். பார்க்கப்படும் பொருள் நகர்கிறது என்பது ஒன்று. பார்க்கும் கருவி நடுங்குகிறது என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் மனிதன் வென்ற வரலாற்றில் நம் தமிழ்நாட்டு மலை ஒன்றுக்கும், இன்று நம் தாம்பரத்தில் இருக்கும் கல்லூரி ஒன்றுக்கும் பங்குண்டு. அதை நினைவுகூர்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இறைவன் அளித்த கருவி

வரலாற்றுக்குள் நுழையுமுன் ஒரு சிறு சோதனை. உங்கள் கையிலுள்ள இம்மலரை இடமும் வலமுமாக வேகமாக அசைத்துப் படித்துப் பாருங்கள். எழுத்துகள் கலங்கிவிடும். இப்போது மலரை அசையாமல் பிடித்துக்கொண்டு, அதே வேகத்தில் தலையை மட்டும் அசைத்துப் படியுங்கள். எழுத்துகள் தெளிவாகவே இருக்கும்!

காரணம் என்ன? நம் காதின் உட்பகுதியில் அரைவட்ட வடிவில் மூன்று நுண்குழாய்கள் உள்ளன. தலை எப்பக்கம் திரும்பினாலும் அவற்றிலுள்ள நீர்மம் அதை உணர்த்துகிறது. உடனே, ஏறத்தாழ நூறில் ஒரு பங்கு விநாடிக்குள், கண்கள் எதிர்ப்பக்கம் அதே அளவு திருப்பப்படுகின்றன. நாம் நடக்கும்போதும், குண்டும் குழியுமான ஜி.எஸ்.டி. சாலையில் பேருந்தில் செல்லும்போதும் உலகம் நம் கண்ணுக்கு ஆடாமல் நிற்பது இதனால்தான். படைத்தவன் கேட்காமலேயே தந்த இந்த அருட்கொடையைத்தான் மனிதன் பிற்காலத்தில் கண்ணாடியாலும் இரும்பாலும் மின்சாரத்தாலும் செய்து பார்க்க முயன்றான்.

இருட்டறையிலிருந்து வான்வெளிக்கு

பஸ்ராவில் கி.பி. 965ல் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்து மறைந்த அறிஞர் இப்னுல் ஹைஸம் அவர்களை நம் மதரஸா மாணவர்கள் அறிவார்கள். ஒளியைப் பற்றி 'கிதாபுல் மனாழிர்' என்னும் பெருநூலை எழுதியவர் அவர். கிரகணத்தின்போது சூரியனின் ஒளி சிறு துளை வழியே இருட்டறைக்குள் புகுந்து, எதிர்ப்புறத்தில் பிறை வடிவில் விழுவது ஏன் என்று தனியே ஒரு நூலில் ஆராய்ந்தார். இன்றைய கேமராவின் மூலக் கருத்து அந்த இருட்டறையிலேயே இருக்கிறது.

ஆனால், இருட்டறைச் சுவரில் விழும் சூரிய உருவம் ஓரிடத்தில் நிற்பதில்லை. பூமியின் சுழற்சியால் வானம் ஒரு மணி நேரத்தில் 15 பாகை நகர்வதாக நமக்குத் தோன்றுகிறது. சூரியனின் அகலமோ அரைப் பாகைதான். சந்திரனின் அகலமும் ஏறத்தாழ அவ்வளவே. ஆகவே இரண்டே நிமிடங்களில் அவை தம் முழு அகல அளவுக்கு இடம் பெயர்ந்துவிடுகின்றன. நம் இளைஞரின் திரையிலிருந்து பிறை நழுவியதன் கணக்கு இதுதான்.

1839ல் புகைப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டபின் இத்தடை பெரிதாயிற்று. அக்காலத் தகடுகளில் உருவம் பதிய நேரம் பிடிக்கும். அதற்குள் பொருள் நகர்ந்துவிடும். பிரெஞ்சு அறிஞர் ஜான்சென் இதற்கு ஒரு வழி கண்டார். 1868 ஆகஸ்டு 18 அன்று நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணத்தைக் காண ஆந்திரத்தின் குண்டூருக்கு வந்தவர் இவர். 1874 டிசம்பரில் வெள்ளிக் கோள் சூரியனைக் கடந்தபோது, ஜப்பானின் நாகசாகியில், சுழலும் ஒரே வட்டத் தகட்டில் 72 விநாடிகளில் 48 படங்களைப் பதிவு செய்யும் கருவியைப் பயன்படுத்தினார். நகர்வதைத் துண்டு துண்டாகப் பிடிக்கும் திரைப்படக் கலைக்கு இது முன்னோடியாகக் கருதப்படுகிறது. அதே நிகழ்வைப் பொதுமக்கள் விளங்கிக்கொள்ளும்படி, சென்னை வான்நோக்கு நிலையத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரியார் ஒரு சிறுநூல் எழுதினார். அது உருதுவிலும் வெளிவந்தது என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தியாகும்.

பஞ்சம் கேட்ட கேள்வி

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைக் கொடிய பஞ்சம் வாட்டியது. பருவமழை பொய்த்தது, பல இலட்சம் மக்கள் மாண்டனர். மழை ஏன் பொய்க்கிறது என்ற கேள்வி அரசையும் அறிஞர்களையும் குடைந்தது. சூரியனின் முகத்தில் தோன்றும் கரும்புள்ளிகள் ஏறத்தாழ 11 ஆண்டுகளுக்கு ஒருமுறை பெருகிக் குறைவது அப்போதே அறியப்பட்டிருந்தது. அதற்கும் மழைக்கும் தொடர்பு இருக்குமோ என்று பலர் எண்ணினர். அப்படியானால் சூரியனை நாள்தோறும் கவனிக்க வேண்டும். அதற்குத் தூய காற்றும் உயரமும் உள்ள இடம் வேண்டும்.

அவ்விடத்தைத் தேடி அமைத்தவர் சார்லஸ் மிச்சி ஸ்மித். இவர் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் இயற்பியல் கற்பித்த பேராசிரியர். அக்கல்லூரி அன்று ஜார்ஜ் டவுனில் இருந்தது. 1937ல்தான் நம் தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்தது. 1861ல் சென்னையிலிருந்தே 'ஆசியா' என்னும் சிறுகோளைக் கண்டறிந்த நார்மன் போக்சன் 1891ல் மறைந்தபின், அரசின் வானியலாளர் பொறுப்பு மிச்சி ஸ்மித்திடம் வந்தது. பழனி மலைத்தொடரில், கடல் மட்டத்திலிருந்து 2,300 மீட்டருக்கும் மேலான உயரத்தில், கோடைக்கானலில் 1895ல் அடிக்கல் நாட்டப்பட்டது. 1899ல் பணிகள் சென்னையிலிருந்து அங்கு மாறின.

கண்ணாடி நடந்த நடை

சூரியனை விரிவாகப் படம் பிடிக்க நீண்ட தொலைநோக்கியும், அதனோடு இணைந்த கனத்த கருவிகளும் தேவை. அவ்வளவையும் சூரியனுக்கேற்பத் திருப்பிக்கொண்டே இருந்தால் நடுக்கம் தவிர்க்க முடியாதது. ஆகவே அறிஞர்கள் ஓர் அழகிய வழியைக் கையாண்டனர். கனமான கருவிகளைத் தரையில் அசையாமல் கிடத்திவிட்டு, முன்னால் ஒரு தட்டைக் கண்ணாடியை மட்டும் நகரவிட்டனர். சூரியன் எங்கு சென்றாலும் அதன் ஒளியை ஒரே திசையில் திருப்பி அனுப்புவதே அக்கண்ணாடியின் வேலை. கோடைக்கானலில் இதற்கென 18 அங்குலக் கண்ணாடி அமைக்கப்பட்டது. அதன் ஒளி 12 அங்குல வில்லை வழியே சென்று, 6 செ.மீ. அளவில் சூரிய உருவை உண்டாக்கியது.

அக்காலத்தில் இத்தகைய கண்ணாடிகளை இயக்கியவை எடைக்கல்லால் ஓடும் கடிகாரப் பொறிகளே. பழைய சுவர்க் கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பதுபோல, கல்லை மேலே ஏற்றிவிட்டால் அது மெல்ல இறங்கிக்கொண்டே கண்ணாடியைத் திருப்பும். இங்கு ஒரு நுட்பம் உண்டு. கண்ணாடி ஒரு பங்கு திரும்பினால் அதில் பட்டுத் திரும்பும் ஒளி இரு பங்கு திரும்பும். எனவே, பூமியின் அச்சுக்கு இணையாக நிறுத்தப்படும் ஒருவகைக் கண்ணாடி, 24 மணி நேரத்தில் அல்ல, 48 மணி நேரத்தில் ஒரு சுற்று வருமாறு அமைக்கப்படுகிறது. சூரியனின் வேகத்தில் பாதி வேகத்தில் நடந்தால்தான் சூரியனைப் பிடிக்க முடியும்!

அங்கிருந்த முதன்மைக் கருவி, குறிப்பிட்ட ஒரே நிற ஒளியில் சூரியனை மெல்லிய கீற்றுக் கீற்றாகப் பதிவு செய்தது. இடையில் கண்ணாடியின் நடை சற்றே பிசகினாலும் சூரியனின் வட்டம் கோணலாகிவிடும். அத்தகைய கருவியைக் கொண்டு தகடு தகடாகப் படங்கள் சேர்ந்தன. 1904 முதல் சூரியனின் சாதாரண ஒளிப்படங்கள் எடுக்கப்பட்டன; பின்னர் கால்சியம், ஹைட்ரஜன் ஆகியவற்றின் ஒளியிலும் எடுக்கப்பட்டன. 1909 ஜனவரியில் ஜான் எவர்ஷெட் அங்கேதான், கரும்புள்ளியின் ஓரத்தில் வாயுக்கள் வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டறிந்தார். ஒளிக்கோடுகளின் மிகச் சிறிய விலகலை அளந்து கண்ட முடிவு அது. உருவம் ஆடியிருந்தால் அவ்விலகல் கண்ணுக்கே பட்டிராது. இன்றும் உலக நூல்களில் அது 'எவர்ஷெட் விளைவு' என்றே வழங்குகிறது.

1960ஆம் ஆண்டளவில் இம்முறை மேலும் வளர்ந்தது. 11 மீட்டர் உயரக் கோபுரத்தின் மீது 60 செ.மீ. கண்ணாடிகள் வைக்கப்பட்டன. தரையை ஒட்டி வெயிலில் கொதிக்கும் காற்று உருவைக் கலக்கும் என்பதால் அந்த உயரம். கண்ணாடிகள் பிடித்த ஒளி கீழிறங்கி, நிலத்தடியில் 60 மீட்டர் நீளமுள்ள சுரங்கத்துள் செல்கிறது. காற்றின் மோதலும் வெப்பத்தின் ஏற்றத்தாழ்வும் அங்கு எட்டா. அதனுள் 34 செ.மீ. அகலத்தில், ஒரு பெரிய தாம்பாளம் போல, சூரியன் அசையாது விழுகிறது.

எதைத் தொடர்கிறோமோ அதுவே நிற்கும்

சூரியனின் நடை கணக்கில் அடங்கியது. 1957 அக்டோபரில் மனிதனே ஒரு பொருளை வானில் ஏவியபோது, வேகமாகப் பாயும் அதைத் தொடர வேறு கண் தேவைப்பட்டது. அமெரிக்க அறிஞர்கள் பேக்கர்-நன் என்னும் பெருங் கேமராக்களை உலகில் 12 இடங்களில் நிறுவினர். ஈரானின் ஷீராஸ் ஒன்று. நம் நாட்டின் நைனிடால் மற்றொன்று. அக்கேமரா செயற்கைக்கோளின் பாதையிலேயே திரும்பிச் செல்லும்போது, கோள் புள்ளியாக நிற்கும். நிலைத்த விண்மீன்களோ கோடுகளாக இழுபடும்.

வாணியம்பாடிக்கு அப்பால், ஜவ்வாது மலையின் காவலூரில் நடந்தது இதற்கு நேர் எதிர். அங்கே தொலைநோக்கி விண்மீன்களைத் தொடர்ந்தது. அவற்றோடு ஒத்து நகராத ஒரு பொருள் 1988ல் தன்னைக் காட்டிக்கொடுத்தது. பேராசிரியர் இராஜமோகன் கண்டறிந்த அச்சிறுகோளுக்குக் கணிதமேதை இராமானுஜன் பெயர் சூட்டப்பட்டது. கண் எதைத் தொடர்கிறதோ அது தெளியும், ஏனையவை கலங்கும். இது கேமராவுக்கு மட்டும் உரிய விதியன்று என்பதை விளக்க வேண்டியதில்லை.

நடுக்கம் அடங்கியது

இரண்டாம் தடையான நடுக்கத்தை மின்னணுவியல் வென்றது. 1995ல் கேனான் நிறுவனம், கையின் நடுக்கத்தை உணர்ந்து எதிர்ப்பக்கம் தானே நகரும் கண்ணாடி உறுப்பைத் தன் கேமரா வில்லைக்குள் வைத்து விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்று அதே முறை பல கைபேசிகளில் அரிசி மணியளவு உணர்கருவிகளாலும் சிறு காந்தங்களாலும் நடைபெறுகிறது. வானியலில், காற்றால் சூரிய உருவம் துள்ளும்போது, வேகமான கேமரா ஒன்று விநாடிக்குப் பல நூறு முறை அதைப் பார்த்து ஒப்பிட்டு, ஒரு சிறு கண்ணாடியை எதிர்த்திசையில் சாய்க்கிறது. காதின் மூன்று குழாய்களும் கண்ணும் சேர்ந்து செய்யும் பணியன்றி வேறென்ன இது?

2023 செப்டம்பர் 2 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்ட ஆதித்யா எல்-1 விண்கலம், காற்றே இல்லாத வெளியிலிருந்து சூரியனைக் கவனித்து வருகிறது. அதன் முதன்மைக் கருவியை உருவாக்கியது, கோடைக்கானல் நிலையத்தின் வழிவந்த இந்திய வானியற்பியல் நிறுவனமே.

சாட்சியின் தகுதி

பிறை கண்டதாக ஒருவர் வந்தால் நாம் என்ன கேட்கிறோம்? எங்கு நின்றீர், எத்திசையில் கண்டீர், எந்நேரம், பார்வை தெளிவா என்று கேட்கிறோம். சாட்சியின் மதிப்பு அவர் நிலையாக நின்று பார்த்ததில் இருக்கிறது. கோடைக்கானலின் தகடுகளும் அத்தகைய சாட்சிகள். பஞ்சம் கேட்ட கேள்விக்கு எதிர்பார்த்தபடி எளிய விடை கிடைக்கவில்லை. கரும்புள்ளியை எண்ணி மழையைச் சொல்லிவிட முடியவில்லை. ஆயினும் அவர்கள் பணியை நிறுத்தவில்லை. வானம் திறந்த நாளெல்லாம் படம் எடுத்தார்கள். நாளையும் நேரத்தையும் குறித்தார்கள். விண்கலங்கள் பிறவாத காலத்துச் சூரியனைப் பற்றி அறிய விரும்பும் உலக ஆய்வாளர்கள் இன்று, கணினியில் ஏற்றப்பட்ட அந்த நூற்றாண்டுப் படங்களையே நாடுகின்றனர். கண்டுபிடித்தவர்களின் பெயர் நூல்களில் இருக்கிறது. காலைதோறும் குளிரில் கண்ணாடியைத் துடைத்து, பொறியைச் சரிபார்த்த ஊழியர்களின் பெயரை இறைவனே அறிவான். அமல்களில் சிறந்தது சிறிதாயினும் தொடர்ந்து செய்யப்படுவது என்று கற்ற நமக்கு இதன் பெருமை எளிதில் விளங்கும்.

நம் மஹல்லாவின் பிள்ளைகள் பொறியியலும் கணினியும் படிக்கிறார்கள். அடிப்படை அறிவியலை நாடுவோர் குறைவு. மிச்சி ஸ்மித் பணியாற்றிய கல்லூரி நம் ஊரிலேயே இருக்கிறது. கோடைக்கானலுக்கு இன்பச் சுற்றுலா செல்லும் குடும்பங்கள், ஏரியைச் சுற்றியபின் அந்நிலையத்தையும் பிள்ளைகளுக்குக் காட்டினால் நன்று.

முதலில் சொன்ன அந்த இளைஞர், மூன்றாம் பிறையன்று மீண்டும் மாடிக்கு வந்தார். இம்முறை கைபேசியைக் கைப்பிடிச் சுவரில் சாய்த்து வைத்தார். பிறை நகர நகர விரல் நுனியால் மெல்லத் திருப்பினார். படம் தெளிவாக வந்தது. முதலில் அந்தப் பெரியவரிடம்தான் கொண்டுபோய்க் காட்டினார்.

வல்ல ரஹ்மான் நமக்கும் நம் சந்ததியினருக்கும் பயனுள்ள கல்வியையும், எடுத்த பணியில் தளராத உறுதியையும் தந்தருள்வானாக! ஆமீன்.