கப்பலேறிப் போன காடு

பாவு வராமல் தறி நிற்கும் நாட்களில், சாமளாபுரத்திலிருந்து பொள்ளாச்சி, சேத்துமடை வழியாகத் தனியாக ஆனைமலைக் காட்டிலுள்ள டாப்சிலிப் ஏறிவிடுவேன். கூடாரம் அடிக்க வனத்துறை விடாது. அவர்களுடைய விடுதியில் ஒரு அறை போதும். ராப்பகலாகத் தறி ஓடும் ஊரில் பிறந்தவனுக்கு, ராத்திரியில் தேக்கிலை விழும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு படுத்திருப்பதே பெரிய சுகம்.

ஆனால் அங்கே நிற்கும் தேக்கில் பெரும்பகுதி பழைய காடு அல்ல. பழைய காடு கடலுக்குப் போய்விட்டது.

கப்பல் கட்ட இங்கிலாந்தில் ஓக் மரம் போதாமல் போனதும் வெள்ளைக்காரர்களின் கண் மலபார்த் தேக்கின்மேல் விழுந்தது. பம்பாய்த் துறையில் வாடியா குடும்பத்தார் அந்தத் தேக்கில் கட்டி 1817-ல் மிதக்கவிட்ட போர்க்கப்பலுக்குத் திருகோணமலையின் பெயர். இங்கிலாந்தில் ஹார்ட்டில்பூல் என்ற ஊரில் அது இன்னும் மிதக்கிறது. கடலை ஒட்டிய காடுகள் தேய்ந்ததும் ஆனைமலைக்கு வந்தார்கள். 1848-ல் லெப்டினன்ட் மைக்கேல் என்ற ராணுவ அதிகாரி மரம் வெட்டுவதை நடத்த அனுப்பப்பட்டார். யானை இழுத்துவந்த மரங்கள் சரிவில் உருண்டு இறங்கின. பிறகு வண்டியிலும் ஆற்றிலுமாகப் பொன்னானிக் கடற்கரை சேர்ந்து பம்பாய்க்குக் கப்பலேறின.

அடுத்து ரயில் வந்தது. நாம் சோமனூரில் ஏறுகிறோமே, அந்தப் பாதை 1862-ல் மேற்குக் கடற்கரையின் பேப்பூர் வரை முடிந்தது. தண்டவாளத்துக்கு அடியிலும் மரம், எஞ்சினுக்குள்ளும் விறகு. சென்னை மாகாணத்தின் முதல் வனப் பாதுகாவலரான கிளெக்கார்ன், ரயில் கட்டைக்காகக் காடு படும் பாட்டை அப்போதே எழுதினார். மலைக்கு அந்தப் பக்கம் கொச்சி சமஸ்தானம், பரம்பிக்குளத்திலிருந்து சாலக்குடிக்கு மரம் இறக்கவென்றே சுமார் 80 கிலோமீட்டருக்கு டிராம் பாதை போட்டது. 1907-ல் ஓடத் தொடங்கிய அது 1963-ல்தான் நின்றது.

இத்தனைக்கும் தப்பி நிற்கிறது பரம்பிக்குளத்துக் கன்னிமாரா தேக்கு. வயது 450-க்கு மேல் என்கிறார்கள். அடிமரத்தின் சுற்றளவு ஏறக்குறைய 7 மீட்டர். கோடரி பட்டதும் ரத்தம் வடிந்ததால் விட்டுவிட்டதாகக் கதை. கொங்கு நாட்டில் கன்னிமார் சாமியைக் கும்பிட்டு வளர்ந்த எனக்கு அதன் முன்னே கை தானாகக் கூடும்.

மொட்டையான மலையை மறுபடி காடாக்கியவர் ஹியூகோ வுட் என்ற வன அதிகாரி. முதல் உலகப் போர்க் காலத்தில் ஆனைமலையில் பொறுப்பேற்றார். அடியோடு தோண்டி எடுக்காமல், வெட்டிய அடிக்கட்டை மறுபடி துளிர்க்க விட்டார், துளிரைக் காத்தார். கைத்தடியால் மண்ணைக் குத்தி விதை போட்டபடியே நடப்பார் என்று இன்றும் சொல்கிறார்கள். மணம் செய்துகொள்ளாமல் காட்டிலேயே வாழ்ந்தவர். 1933-ல் இறந்ததும், அவர் விரும்பியபடியே டாப்சிலிப்பை ஒட்டிய மவுண்ட் ஸ்டூவர்ட்டில் தேக்குகளுக்கு நடுவே அடக்கம் செய்தார்கள். அந்தக் கல்லறையின் முன் நான் எப்போதும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நிற்பேன்.

ஆனால் வுட் தனி ஆளாகக் காடு வளர்க்கவில்லை. வழி காட்டியது, யானை ஓட்டியது, மரம் வெட்டியது, கன்று காத்தது எல்லாம் காடர், மலசர், மலைமலசர் என்ற பழங்குடி மக்களின் கைகள். பத்துத் தறி ஓடும் கொட்டகையில் முதலாளி பெயர் மட்டும் வாசலில் தொங்கும்; ஓட்டியவன் பெயர் துணியில் இருக்காது. அந்த வழக்கம் காட்டிலும் வேண்டாம். வுட் கல்லறைக்குப் பக்கத்திலேயே அந்த மக்களின் பெயரையும் உழைப்பையும் சொல்லும் கல் ஒன்றை வனத்துறை நட வேண்டும்.