பிட்காயின் வாலட்

பிட்காயினைப் பெறவும் அனுப்பவும் உதவும் செயலி அல்லது சிறு கருவி. நாணயம் இதற்குள் இருப்பதில்லை; கணக்கு பிளாக்செயின் என்ற பொதுப் பேரேட்டில் இருக்கிறது. வாலட் காப்பது, நாணயத்தைச் செலவழிக்கத் தேவையான ரகசியச் சாவியை.

பெறுபவர் தம் வாலட் முகவரியையோ கியூஆர் கோடையோ கொடுத்தால் போதும். அனுப்புபவர் தொகையையும் கட்டணத்தையும் குறித்து ஒப்புதல் தருகிறார். கட்டணம் தொகையைப் பொறுத்ததன்று. தரவின் அளவையும் நெரிசலையும் பொறுத்தது. சராசரியாக 10 நிமிடத்துக்கு ஒரு பிளாக், அதாவது பரிமாற்றங்களின் ஒரு தொகுப்பு, பிளாக்செயினில் சேர்கிறது; பெருந்தொகைக்கு 6 உறுதிப்பாடுகள் (பரிமாற்றம் உள்ள பிளாக்கையும் சேர்த்து 6 பிளாக்குகள்) வரை காத்திருப்பது வழக்கம். முகவரியில் நேரும் தட்டச்சுப் பிழையைப் பெரும்பாலும் வாலட்டே பிடித்துவிடும். காப்பி செய்த முகவரியைச் சத்தமில்லாமல் மாற்றிவிடும் வைரஸ்தான் ஆபத்து. போன பணத்தைத் திருப்பித் தர இங்கே வங்கி மேலாளர் இல்லை.

2009 ஜனவரி 12இல் பிட்காயினை உருவாக்கிய சதோஷி நகமோட்டோ, நிரலாளர் ஹால் ஃபின்னிக்கு 10 பிட்காயின் அனுப்பியதே ஆள் விட்டு ஆளுக்குப் போன முதல் பரிமாற்றம்.

போன் தொலைந்தால் வாலட்டை மீட்பவை, தொடக்கத்தில் அது தரும் 12 அல்லது 24 சொற்கள். அவற்றைத் தாளில் எழுதிவைப்பார்கள். ஸ்கிரீன்ஷாட் எடுப்பது வம்பு.