அலையும் நோயாளிகள்

பாரீஸ் சல்பெத்ரியேர் ஆஸ்பத்திரியில் 1882-இல் நரம்பு வியாதிகளுக்கென்றே பேராசிரியர் பதவி உண்டாக்கி, சார்க்கோவை அமர்த்தினார்கள். செவ்வாய்க்கிழமைகளில் வெளிநோயாளிகளை மாணவர்கள் முன்னிலையில் வைத்தே பரிசோதிப்பார்.

வந்தவர்களில் கிழக்கு ஐரோப்பாவின் ஏழை யூதர்களும் உண்டு. 1881 முதல் ருஷ்யாவில் யூதர் வீடுகள் சூறையாடப்பட்டு, பலர் மேற்கே ஓடிவந்த காலம் அது. தலைவலி, தூக்கமின்மை, அசதி. ஓர் ஊரில் தீராவிட்டால் அடுத்த ஊர் டாக்டர். (புதுச்சேரியில் தீராததற்கு நாம் வேலூர் போவதில்லையா?)

ஏசுவை இளைப்பாற விடாமல் விரட்டியதால் உலகமெல்லாம் அலையச் சாபம் பெற்ற யூதன் ஒருவனைப் பற்றி ஐரோப்பாவில் பழங்கதை உண்டு. 1889-இல் ஹங்கேரி யூதர் ஒருவரை மாணவர்களுக்குக் காட்டிய சார்க்கோ, அந்தச் சபிக்கப்பட்டவனின் வாரிசு என்றே அறிமுகப்படுத்தினார். எத்தனை பெரிய மேதை, பாருங்கள்!

சீடர் ஆன்ரி மேழ் இன்னும் ஒரு படி மேலே போனார். 1893-இல் இவர்களைப் பற்றியே ஆய்வேடு எழுதி, தலைப்பிலும் அந்த 'அலையும் யூதனை' வைத்தார். டாக்டர் டாக்டராக அலைவதே ஒரு நரம்புக் கோளாறு, அது இனத்தோடு வந்தது என்பது அவர் கட்சி. விண்ணப்பத்தில் சாதிக் கட்டத்தை மட்டும் படித்து உத்தரவு எழுதும் குமாஸ்தாக்களை நான் பார்த்திருக்கிறேன். சிகிச்சை தேடி நடந்தே வந்தவர்களுக்கு, அந்த நடையே நோயின் அடையாளமாகக் குறிக்கப்பட்டது.